கோரம்

எங்கள் வரலாற்று ஆய்வுக் கழகத்துக்கு
முப்பத்தொரு விதிகள்.
பதினான்காம் விதி நூலகத்தைப் பற்றியது.
நூலகம் என்றால் ஒரு பீரோ.
பூட்டில் உப்பேறிவிட்டது,
சாவி இருக்கிறது, திறக்காது.
மழைநாளில் கூட்டத்தைக்
கீழ்த்தள மண்டபத்தில் நடத்தலாம் என்கிறது இருபதாம் விதி.
கீழ்த்தளத்தில் நெய்னா மரைக்காயரின் வலைக்கடை.
ஏதோ பெருநகரச் சங்கத்தின் விதிகளை எடுத்து
பெரியபட்டினம் என்று பேரை மட்டும் மாற்றிப்
பதிவுக்குக் கொடுத்தவன் நான்தான்.
செயலாளர். பத்தொன்பது வருடம்.

கச்சான் காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்த ஞாயிறு
அவள் மாடிப்படி ஏறி வந்தாள்.
பேர் நம்புத்தாய். பாசி எடுக்கிறவள்.
விரல்களில் துணி சுற்றிச் சுற்றி
தோல் வெளுத்திருந்தது.
முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தாள்
ஒரு சீனத்து ஓடு.
பாசிப்பயறு வேகும்போது வருமே, அந்தப் பச்சை.
உள்பக்கம் ஒரு மீன்;
வால் இருந்தது, தலை உடைந்த பக்கம் போய்விட்டது.

வில்லாயுதம் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.
"கழகத்துக்கு நன்கொடையா?"

"இல்ல. என்னைச் சேத்துக்கங்க."

பொருளாளர் சீனி இபுறாகிம் ஒன்பதாம் விதியை வாசித்தார்:
அச்சில் வந்த கட்டுரை இரண்டு,
முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர்,
சந்தா இருநூறு.
பிறகு, கொஞ்சம் இரக்கத்தோடு,
"எடுத்த இடம் தெரியாவிட்டால்
இது வெறும் ஓடும்மா" என்றார்.

இடம் சொன்னாள்.
தீவுக்குத் தெற்கே,
சோளகக் காற்றில் வள்ளம் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்,
கழுத்தளவுத் தண்ணீர்,
மரிக்கொழுந்துப் பாசி முடிந்து
வெள்ளை மணல் தொடங்குகிற விளிம்பு.
நாங்கள் யாரும்
அத்தனை துல்லியமாய் ஓர் அடிக்குறிப்பு எழுதியதில்லை.

"அங்கே போகக் கூடாதே, வனத்துறை..."
அருளானந்து இழுத்தார்.

"அதுக்குத்தான் வந்தேன்.
உங்க கழகத்துல ஆளா இருந்தா
நான் எடுத்தது ஆராய்ச்சி.
இல்லைன்னா திருட்டு."

மின்விசிறி கடகடத்தது.
ஓட்டெடுப்பு என்றார் தலைவர்.
அதற்குள் விதிப் புத்தகம் அவள் கையில்.
எழுத்துக் கூட்டவில்லை, சரசரவென்று போனாள்;
மகளிர் குழுவில் அவள்தான் தீர்மானம் எழுதுகிறவள்.
ஆறாம் பக்கத்தில் நின்றாள்.

"கோரம் பதினொண்ணுன்னு போட்டுருக்கு.
ஏழு பேருதானே இருக்கீக?"

நான் காதில் வாங்கியது வேறு கோரம்.
பிறகுதான் உறைத்தது, இரண்டும் ஒன்றே என்று.

"எங்க குழுவுல ஒரு தலை குறைஞ்சாலும்
பேங்க்காரரு நோட்டை மூடிருவாரு."

பதினொரு பேர் ஒருநாளும் கூடியதில்லை.
பீரோ வாங்கிய தீர்மானம், கல்வெட்டு மலர்,
போன வருடம் அருளானந்தைத் தலைவராக்கியது,
வில்லாயுதத்தையும் சீனி இபுறாகிமையும் சேர்த்தது
எதுவுமே நடக்கவில்லை.
கழகத்தைப் பதிந்தபோது கையெழுத்திட்டவர் எழுவர்.
நால்வர் மண்ணுக்குள், இருவர் மலேசியாவில்.
சட்டப்படி மிச்சம்
பேனாவோடு உட்கார்ந்திருக்கும் நான் ஒருவன்.

கீழே யாரோ நைலான் வலையை
முழம் போட்டு அளக்கும் சத்தம்.
சீனி இபுறாகிம் தன் ரசீதுப் புத்தகத்தை
மெல்ல மூடினார்,
ஊரான் வீட்டுக் கதவைச் சாத்துவதுபோல.

பதிவேட்டைத் திறந்து எழுதினேன்:
இன்று கூட்டம் நடைபெறவில்லை.
வந்திருந்தோர் எண்மர்.
ஓர் ஓடு. பச்சை. மீன் வால்.
கிடைத்த இடம், அவள் சொன்னபடியே,
வெற்றிலை உட்பட.

பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி
விரலால் வரிவரியாகப் பார்த்தாள்.

"நேரம் போடலையே" என்றாள்.